தார்க் காகிதத்தில் இரு வம்சங்கள்

நியூசிலாந்தில் மரச்சட்ட வீடு கட்டுகிறவர்கள், மழை ஈரம் சுவருக்குள் இறங்கிவிடாதிருக்க, தார் ஊட்டிய கறுப்புக் காகிதத்தைச் சட்டங்களின் மேல் விரித்து அறைந்துவிட்டு, அதன்மேல் வெளிப்பலகையைப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். வீடு முடிந்தபின் எவர் கண்ணிலும் படாத, ஹார்டுவேர் கடையில் சுருளாக விற்கப்படும் இந்தக் காகிதத்தையே லானி ஹட்சின்சன் தம் கலையின் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1963இல் ஆக்லாந்து நகரில் பிறந்த இவர், ஒரு வழியில் தென்தீவைச் சேர்ந்த ஙாய் டாஹு என்னும் மாவோரிக் குலத்துக்கும், மற்றொரு வழியில் சமோவாத் தீவுகளுக்கும் உரியவர். ஐரோப்பிய முன்னோரும் இவருக்கு உண்டு. இவர் காகிதத்தை மடித்து, கூரிய கத்தியால் நறுக்கி, விரித்துச் சுவரில் தொங்கவிடும்போது, வெட்டிய துளைகளின் வழியே புகும் ஒளி பின்சுவரில் இன்னொரு கோலத்தை நிழலாக இடுகிறது. இரண்டு மரபுகளில் பிறந்த ஒருவர் அவ்விரண்டையும் ஒரே படைப்பில் எப்படி வைத்துக்கொள்கிறார் என்னும் கேள்விக்கு, ஓர் அலங்காரத்தை இன்னோர் அலங்காரத்தோடு ஒட்டுவதன் மூலம் பதில் சொல்லும் கலைஞர்கள் பலர் இருக்க, ஹட்சின்சனோ எடுத்துக் களைவதன் மூலம் பதில் சொல்கிறார்; அவரைத் தனித்துக் காண வேண்டியதற்கு இதுவே காரணம்.

மாவோரிகளும் சமோவர்களும் ஒரே மூதாதை மரபின் கிளைகள். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குடியேறிவிட்ட சமோவாவும் அதன் அண்டைத் தீவுகளும் பொலினீசியப் பண்பாடு உருப்பெற்ற களங்களில் அடங்குபவை. அங்கிருந்து கிழக்கே தீவு தீவாகப் பரவிய கடலோடிகளின் வழித்தோன்றல்களே, ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில், நியூசிலாந்தை வந்தடைந்து மாவோரிகள் ஆயினர். மொழியிலும், உறவுமுறையிலும், படகு கட்டுவதிலும், உடலில் பச்சை குத்துவதிலும் இரு மக்களுக்கும் பங்காளிச் சாயல் தெரிகிறது. எனினும் 20ஆம் நூற்றாண்டு அவ்விருவரையும் ஒரே நாட்டுக்குள் வெவ்வேறு நிலையில் நிறுத்தியது. மாவோரிகள் மண்ணின் மக்கள். 1840இல் பிரிட்டிஷ் அரசோடு வைட்டாங்கி ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். சமோவர்களோ அந்நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டிருந்து, பின்னர் கூலிக்கு அழைக்கப்பட்டு, அதற்கும் பின்னர் வேண்டாதவர்களாக நடத்தப்பட்டவர்கள்.

இந்த இரண்டாவது வரலாறு தமிழ் வாசகர்களிடையே அதிகம் பேசப்படாதது. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, அதாவது 1914 ஆகஸ்டில், அப்போது ஜெர்மானியக் குடியேற்றமாக இருந்த மேற்குச் சமோவாவை நியூசிலாந்துப் படை கைப்பற்றியது. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்னும் கப்பலைத் தனிமைப்படுத்தி வைக்காமல் ஆபியா துறைமுகத்தில் ஆட்களை இறக்க விட்டதால் பரவிய விஷக்காய்ச்சல், சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேரை, அதாவது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரை, வாரிக்கொண்டு போனது. அதன்பின் வளர்ந்த மௌ என்னும் அறவழி விடுதலை இயக்கத்தின் ஊர்வலத்தின் மீது 1929 டிசம்பர் 28 அன்று நியூசிலாந்துக் காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 1962இன் முதல் நாளில் சமோவா விடுதலை பெற்றது. போருக்குப் பிந்தைய தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது ஆயிரக்கணக்கான சமோவர்கள் ஆக்லாந்துக்கு வந்தனர். 1970களின் நடுவில் பொருளாதாரம் சரிந்ததும், விசாக் காலம் கடந்தவர்களைத் தேடுகிறோம் என்று விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்த காவலர்கள், காலம் கடந்து தங்கிய ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் விட்டுவிட்டுத் தீவு மக்களையே குறிவைத்தனர். இதற்கு அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். இடையில், 1982இல், பழைய ஆட்சிக் காலத்தில் பிறந்த சமோவர்கள் நியூசிலாந்துக் குடிமக்களே என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தபோது, அதே ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி அந்த உரிமையை நாடாளுமன்றம் பறித்துக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே உடலில் மாவோரியாகவும் சமோவராகவும் இருப்பதன் முரண் விளங்கும்: அந்த மனிதர் ஒரு கணக்கில் வீட்டுக்காரர், மறு கணக்கில் வாசலில் நிறுத்தப்பட்ட விருந்தாளி. மாவோரிகள் கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சமோவர்களும் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கினர். பான்சன்பி, கிரே லின் போன்ற, அன்று வாடகை மலிவாயிருந்த ஆக்லாந்துத் தெருக்களில் இரு சாராரும் அண்டை வீட்டாராகவும் சம்பந்திகளாகவும் ஆயினர். ஹட்சின்சன் பிறந்தது இந்த நகரத்தில், இந்தக் காலத்தில்.

அரசு அலுவலகங்களோ மனிதரைப் பின்னங்களால் அளந்துகொண்டிருந்தன. ஒருவர் மாவோரியாகக் கருதப்பட அவருடைய இரத்தத்தில் பாதியாவது மாவோரியாக இருக்க வேண்டும் என்பதுதான் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. 1974இல் செய்யப்பட்ட திருத்தம்தான் எந்தத் தலைமுறையில் வந்த வழித்தோன்றலாயினும் மாவோரியே என்று அதை மாற்றியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவமும் 1981 வரை பாதி, கால் என்று பங்கு கேட்டது. 1986இல்தான் அந்தக் கேள்வி கைவிடப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், மாவோரி மரபிலும் சரி, சமோவா மரபிலும் சரி, வம்சம் என்பது பங்கு போட்டு அளக்கப்படுவதே இல்லை. மாவோரிகள் 'ஃபாகபாபா' என்று சொல்லும் வம்சாவளி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளாகத் தலைமுறைகளைக் காண்பது. அதில் ஒருவர் தாய்வழியாக ஒரு குலத்துக்கும் தந்தைவழியாக இன்னொரு குலத்துக்கும் முழு உரிமையோடு சேர்ந்தவராயிருக்கலாம். சமோவாவில் 'மாடாய்' எனப்படும் குடும்பத் தலைமைப் பட்டத்துக்கும் தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் உரிமை கோர இடமுண்டு. ஆகவே கலப்பு என்ற சொல்லே வெளியிலிருந்து வந்த ஒரு நிர்வாகச் சொல்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஹட்சின்சனின் காகிதங்களில் எது மாவோரிப் பகுதி, எது சமோவாப் பகுதி என்று பிரித்துக் காட்ட முயலும் விமர்சனம் பழைய படிவத்தையே மறுபடி நிரப்புகிறது என்பது தெளிவாகும்.

அவர் காகிதத்தில் செய்வது என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து காண்பது நல்லது. மாவோரி மக்களின் கூட்ட மண்டபம் ஒரு மூதாதையின் உடலாகவே கருதப்படுவது. மோட்டு விட்டம் முதுகெலும்பு, அதிலிருந்து இருபுறமும் இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். அந்தக் கைமரங்களில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டப்படும் சுருள் கோலத்துக்குக் 'கோஃபைஃபை' என்று பெயர். விரியாத பெரணிக் குருத்தைப் போன்ற சுருள் அதில் மீண்டும் மீண்டும் வரும். அந்தச் சுருள் பெரும்பாலும் தூரிகையால் தீட்டப்படுவது அல்ல என்பது முதற்பார்வையில் பலருக்குத் தெரிவதில்லை; சுற்றிலும் சிவப்பையும் கறுப்பையும் தீட்டி, இடையில் வெள்ளைத் தரையை அப்படியே விட்டுவிடும்போதுதான் சுருள் தோன்றுகிறது. சமோவாவின் 'டாடாவ்' என்னும் பச்சைகுத்தலிலும் இதே நுட்பம் உண்டு. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை அடர்கறுப்பாகக் குத்தப்படும் 'பேஆ'விலும், பெண்களுக்குத் தொடையில் மெல்லிய கோடுகளாகக் குத்தப்படும் 'மாலு'விலும், மை படாமல் விடப்பட்ட தோல்தான் கோடாகவும் அம்பாகவும் நட்சத்திரமாகவும் பல இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மைக்குரிய கரியும், காகித மல்பெரிப் பட்டையைத் தட்டித் துணியாக்கிச் செய்யும் 'சியாபோ' என்னும் மரவுரியில் தீட்டப்படும் கறுப்பும், எண்ணெய்ச் சத்து மிகுந்த ஒரு கொட்டையை எரித்துச் சேர்த்த புகைக்கரியிலிருந்து வந்தவை.

ஆக, தொடாமல் விட்ட இடமே உருவமாவது இரு மரபுகளுக்கும் பொதுவான இலக்கணம். ஹட்சின்சன் பற்றிக்கொண்டது இந்த இலக்கணத்தைத்தான்; சுருளையோ அம்பையோ தனித்தனியாக அல்ல. கறுப்புக் காகிதத்தில் கத்தி சென்ற இடம் வெறுமையாகிறது, வெறுமையான இடம் பூவாகவோ இலையாகவோ சுருளாகவோ தெரிகிறது, அதன் நிழல் சுவரில் விழும்போது மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. காகிதத்தை மடித்து வெட்டுவதால் கோலம் இருபுறமும் ஒத்த பிம்பமாக விரிகிறது. குக் தீவுகளின் பெண்கள் துணியை மடித்து வெட்டிப் போர்வைகளில் தைக்கும் 'டிவைவை' வேலையையும், பள்ளிப் பிள்ளைகள் செய்யும் காகிதச் சரங்களையும் அது ஒருங்கே நினைவூட்டும். கிறைஸ்ட்சர்ச் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ள, 2003இல் செய்யப்பட்ட 'சிஸ்டா7' என்ற படைப்பு இந்தக் காகித வேலைகளில் பெயர் பெற்ற ஒன்று. அக்கா தங்கைகளை அழைக்கும் தெருமொழிச் சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்த அந்தத் தலைப்பே, அருங்காட்சியகத்துக்குரிய பயபக்தியோடு தம் வேலையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது.

வெறுமை என்பது இரு பண்பாடுகளிலும் இல்லாமையைக் குறிப்பதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. மாவோரித் தோற்றக் கதைகளில் முதலில் இருப்பது 'டெ கோரே' என்னும் வெறுவெளி. அதன்பின் 'டெ போ' என்னும் நீண்ட இருள். அந்த இருளுக்குள் இறுகத் தழுவிக் கிடந்த வானத் தந்தையையும் நிலத் தாயையும் பிள்ளைகள் பிரித்தபின்தான் ஒளியுலகம் பிறக்கிறது. இருள் அங்கே கருவறை. சமோவர்களோ இருவருக்கு இடையிலும், மனிதருக்கும் பொருளுக்கும் இடையிலும், உயிரோடிருப்பவருக்கும் மாண்டவருக்கும் இடையிலும் உள்ள வெளியை 'வா' என்று குறிக்கிறார்கள். அது பிரிக்கும் இடைவெளி அல்ல, இருவரையும் கட்டிவைக்கும் உறவின் வெளி, ஆகவே பேணிக் காக்க வேண்டியது. சமோவாவின் பெரும் எழுத்தாளரான ஆல்பர்ட் வென்ட் 1990களில் பச்சைகுத்தலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்தை விரித்தபின், பசிபிக் கலை பற்றிய பேச்சில் அது நிலையான இடம் பெற்றுவிட்டது. இப்போது அந்தச் சொல் கண்காட்சிக் குறிப்புகளில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹட்சின்சனின் காகிதங்களைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. அந்த நிழல்கள் விழுவதற்குக் காகிதத்துக்கும் சுவருக்கும் இடையில் வெளி தேவைப்படுகிறது, அதை அழித்துவிட்டால் படைப்பில் பாதி இல்லாமற் போய்விடும்.

இன்னொரு பிரிவினையையும் இந்தக் கத்தி கலைக்கிறது. மாவோரி மரபில் மரச்சிற்பம் ஆண்களுக்கும் நெசவும் பின்னலும் பெண்களுக்கும் உரியவை என்று பிரிக்கப்பட்டிருந்தன. சமோவாவில் மரவுரியும் நுண்பாயும் பெண்களின் செல்வம். காகிதத்தைக் கத்தியால் செதுக்கி, லேஸ் போன்ற மென்மையான ஒன்றை உருவாக்குவது இவ்விரண்டில் எந்தப் பக்கமும் முழுதாகச் சேராத வேலை; போதாததற்கு, அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளோ கட்டடத் தொழிலாளிகளுடையது. பெண்களுக்கிடையேயான உறவு அவர் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2018இல் கிறைஸ்ட்சர்ச் கலைக்கூடத்தின் வெளிப்புறத்தில், பெரிய விளம்பரப் பலகையின் அளவில் அவர் வெட்டி அமைத்த படைப்பின் தலைப்பு தோழி என்று பொருள்படும் 'ஹோவா கோஹினெ'. ஒருவருக்கொருவர் தாங்கலாக நிற்கும் பெண்களின் நட்பைக் கொண்டாடுவது அது.

ஹட்சின்சன் வளர்ந்துவந்த கலைச்சூழல் ஒரே நாளில் அமைந்ததல்ல. 1984இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய 'டெ மாவோரி' கண்காட்சி, பழைய மாவோரிச் செதுக்கல்களைப் பழங்குடிப் பொருள்களாக அல்லாமல் கலையாகப் பார்க்க வைத்தது. தீவு மக்களின் சமகாலக் கலைக்கு அத்தகைய திருப்பம் வர மேலும் 10 ஆண்டுகள் ஆயின. 1994இல், குக் தீவு மரபினரான ஜிம் விவியேரே ஒருங்கிணைத்த 'புட்டியில் அடைத்த பெருங்கடல்' என்னும் கண்காட்சி, தீவுக் கலையை வண்ணமயமான ஒரு சரக்காக விற்க விரும்பிய கலைக்கூடங்களையே தலைப்பில் கேலி செய்தது. அதே ஆண்டில் மிஷெல் டஃபெரி என்னும் கலைஞர், தட்டையாக்கிய மாட்டிறைச்சி டின்களை இணைத்து முழு அளவிலான ஒரு காளையைச் செய்தார். இறக்குமதி உணவு தீவு மக்களின் உடலையும் சடங்கையும் மாற்றியதைக் காட்டும் அந்தக் காளை இப்போது வெல்லிங்டனில், டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹட்சின்சன் 2000இல் கான்டர்பரி பல்கலைக்கழகத்தின் மெக்மில்லன் பிரவுன் பசிபிக் ஆய்வு மையத்தில் தங்கிப் பணிபுரியும் கலைஞராக இருந்தார். பின்னாளில் வெனிஸ் பைனாலேயில் நியூசிலாந்தின் சார்பில் மாவோரி மரபினரான லிசா ரெய்ஹானாவும் (2017), சமோவாவையும் ஜப்பானையும் பூர்வீகமாகக் கொண்ட யுகி கிஹாராவும் (2022) பங்கேற்றனர். இவ்விருவரும் ஐரோப்பியர் தீட்டிய பசிபிக் ஓவியங்களையும் சுவர்த்தாள்களையும் எடுத்து, அசைபடத்திலும் புகைப்படத்திலும் மறுபடி நடித்துக் காட்டி அவற்றைத் திருப்பித் தாக்குகிறவர்கள். ஹட்சின்சனிடம் அந்த நேர்மோதல் குறைவு. ஐரோப்பியர் என்ன வரைந்தார்கள் என்பதைவிடத் தம் பாட்டிமார் என்ன வெட்டினார்கள், எதைப் பின்னினார்கள் என்பதுதான் அவருடைய காகிதங்களில் முன்னால் நிற்கிறது.

அவர் படைப்புகளில் மிகுதியானோர் கண்ணில் படுவது, எனினும், காகிதத்தில் இல்லை. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச்சைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டனர். நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் இடிந்தோ இடிக்கப்பட்டோ போனது. அந்த மண் ஙாய் டாஹு குலத்துக்குரியது. நிலம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய அக்குலத்துக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசின் மன்னிப்பும் 17 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பீடும் கிடைத்திருந்தன. நகரத்தை மீண்டும் எழுப்பியபோது, 19ஆம் நூற்றாண்டில் போலன்றி, அக்குலத்தார் சட்டப்படியான பங்குதாரராக மேசையில் அமர்ந்தனர். 2017இல் திறக்கப்பட்ட நீதி மற்றும் அவசரப் பணி வளாகத்தில், நீதிமன்றமும் காவல்துறையும் தீயணைப்பும் ஆம்புலன்ஸ் சேவையும் ஒருங்கே இயங்கும் அந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தில், ஹட்சின்சன் 'கஹு மாடாராவ்' என்னும் படைப்பை அமைத்தார். பச்சையின் பல சாயல்களில் நிறமேற்றப்பட்ட அலுமினியத் தகடுகள் இறகுகளாக அடுக்கப்பட்ட ஒரு பெரும் மேலாடை அது. இறகுகள் காகாப்போ என்னும் பறவையினுடையவை. பறக்க இயலாத, இரவில் இரை தேடும், பாசிப்பச்சை நிறமுள்ள இந்தப் பெரிய கிளியின் இறகுகளைக் கொண்டு முற்காலத்தில் மேலாடைகள் செய்யப்பட்டன. இன்று அந்தக் கிளிகள் சில நூறே எஞ்சியுள்ளன. மாவோரி மரபில் இறகு மேலாடை மதிப்பின் அடையாளம். ஒருவர் மேல் அதைப் போர்த்துவது அவரைக் காப்பதாகவும் பொருள்படும். சிறைகளில் இருப்போரில் பாதிப் பேர் மாவோரிகளாக உள்ள ஒரு நாட்டில், நீதிமன்றத்தின் மேல் அந்த மேலாடையைப் போர்த்துவது இனிய வாழ்த்தாகவும் இருக்கலாம், நினைவூட்டும் கண்டிப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் அந்தப் படைப்பின் பலம்.

இத்தகைய அரசுப் பணிகளுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. லேசர் வெட்டு மலிவானதும், நியூசிலாந்தில் நெடுஞ்சாலைச் சுவர், கார் நிறுத்தக் கட்டடம், வணிக வளாகம் என்று திரும்பிய பக்கமெல்லாம் பெரணிச் சுருள் துளையிட்ட உலோகத் தகடுகள் வந்துவிட்டன. மண்ணின் மக்களைக் கலந்தாலோசித்தோம் என்பதற்கு ஒப்புகைச் சீட்டைப் போல அவை ஒட்டப்படுவதும் உண்டு. ஹட்சின்சனின் உலோக வேலைகள் அந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணத்தக்கவை அல்ல என்றாலும், அவருடைய உண்மையான துணிவைக் காகிதத்தில்தான் காண முடிகிறது. கட்டடத்துக்குத் தேவையான உறுதியும் பாதுகாப்பு விதிகளும் உலோகத்தில் துளைகளின் அளவையும் இழைகளின் மென்மையையும் கட்டுப்படுத்துகின்றன. தார்க் காகிதத்திலோ, வெட்டிய இழை கிழிந்துவிடும் எல்லைவரை அவர் கத்தியை ஓட்டுகிறார். எவ்வளவு களைந்தால் மீதி தாங்கும் என்பது ஒவ்வொரு தாளிலும் புதிதாகக் கணிக்கப்பட வேண்டியிருக்கிறது, அந்தக் கணிப்பில் கை தவறினால் ஒட்டுப்போட வழியும் இல்லை.